நாலு வட்டி

நாலு லட்சத்துப் பதினெட்டாயிரத்து முப்பத்திரண்டு ரூபாயைக் காணோம். முனீஸ் இன்னொரு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். நாலு லட்சம் என்று சொல்வது வாய்க்குச் சுலபம், சீட்டாடுகிறவன்கூட அசால்ட்டாகச் சொல்வான், கடைசியில் ஒட்டிக்கொண்டு நிற்கிற அந்த முப்பத்திரண்டுதான் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்தியது. பொய்க்கணக்குக்குச் சில்லறை இருக்காது. சில்லறை வந்தால் கணக்கு நிஜம். தபால் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், இரண்டு காலுக்கும் நடுவில் பை, பைக்குள் மூன்று சட்டை, இரண்டு பேன்ட், ஒரு துண்டு, சார்ஜர். ரெண்டே கால் மணிக்குத் திருப்பூர் பஸ். சிவகாசிக்கும் தனக்கும் இனி ஒன்றுமில்லை என்று நேற்று ஞாயிற்றுக்கிழமையே முடிவு பண்ணியாகிவிட்டது. பாக்கி இருப்பது ஒரே வேலை. அந்த ஆளு எந்தெந்தத் தேதியில் எவ்வளவு எடுத்தார் என்று பாஸ்புக்கில் அச்சாகி வரணும், அதைக் கொண்டுபோய் அவர் மூஞ்சிக்கு முன்னால் போடணும், போட்டுவிட்டு பஸ் ஏறணும். அந்த ஆளு என்பது அப்பா. சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து அப்பா என்கிற சொல் மனசுக்குள் வர மாட்டேன் என்கிறது, வந்தாலும் அதைத் தள்ளிவிட்டு அந்த ஆளு என்றுதான் வருகிறது. மணி பதினொன்று இருபது. முன்னால் ஐந்து பேர். கவுன்ட்டரில் நிற்கிற அக்கா ஒருத்தியே நாற்பது பேருக்குச் சமம், வீடு வீடாகப் போய் மாசச் சேமிப்புப் பணம் வாங்கி வந்து மொத்தமாகக் கட்டுகிறவள், அவள் கட்டைப்பையில் நாற்பது பாஸ்புக் இருக்கிறது, ஒவ்வொன்றாக எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதையும் சொல்கிறாள். இவளுக்கெல்லாம் தனி கவுன்ட்டர் வைத்தால் என்ன கேடு.

பத்தாயிரம். அம்மாவின் சீட்டுப் பணம் அது. எட்டு வருசத்துக்கு முன்னால் அம்மா காய்ச்சல் என்று படுத்து ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தபோது, அவள் கட்டிக்கொண்டிருந்த சீட்டு முடிய ஒரே மாசம் பாக்கி. லேபிள் ஒட்டுகிற இடத்தில் அவளோடு வேலை பார்த்த பொம்பளைங்க அந்தக் கடைசி மாசத்தைத் தங்களுக்குள் பிரித்துக் கட்டி, முழுப் பத்தாயிரத்தையும் கொண்டுவந்து கொடுத்தார்கள், பையன் பேரில் போடச் சொன்னாள் என்று ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள். அப்போது முனீஸுக்குப் பத்து வயசு. ஏப்ரல் மூன்றாம் தேதி இதே கவுன்ட்டர். கவுன்ட்டர் பலகை அவன் நெற்றி உயரம். காப்பாளர் என்கிற இடத்தில் அந்த ஆளு கையெழுத்துப் போட்டார். எட்டு வருசம் என்றால் தொண்ணூற்றாறு மாசம். வட்டி நாலு. அதோ சுவரில் போர்டே இருக்கிறது, சேமிப்புக் கணக்கு 4.0 என்று, இத்தனை பெரிய எழுத்தில். மாசத்துக்கு நூற்றுக்கு நாலு என்றால் பத்தாயிரத்துக்கு நானூறு. முதல் மாசக் கடைசியில் பத்தாயிரத்து நானூறு. அடுத்த மாசம் அந்தப் பத்தாயிரத்து நானூறுக்கு வட்டி. பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவன்தான், ஆனால் கூட்டு வட்டி தெரியாதவன் இல்லை. போனில் பத்தாயிரம் பெருக்கல் ஒன்று புள்ளி பூஜ்யம் நாலு, சமம். அதற்கப்புறம் வெறும் சமக்குறியைத் தட்டிக்கொண்டே போக வேண்டியதுதான், ஒரு தட்டு ஒரு மாசம். தொண்ணூற்றாறு தட்டு. நடுவில் எண்ணிக்கை விட்டுப்போய் முதலிலிருந்து தட்டினான். கடைசிக்கு வரவர ஒரு தட்டுக்குப் பதினாறாயிரம் ஏறியது, விரலை வைக்கவே பயமாக இருந்தது, ஒரு தட்டு கூடிவிட்டால் பதினேழாயிரம் பொய். மூன்று தரம் தட்டி மூன்று தரமும் ஒரே தொகை. நாலு லட்சத்து முப்பத்தோராயிரத்து எழுநூற்றுப் பதினெட்டு. பாஸ்புக்கின் பின்னட்டையில் தபால் ஆபீஸ்காரர் பென்சிலால் எழுதிக் கொடுத்த இருப்பு பதிமூவாயிரத்து அறுநூற்று எண்பத்தாறு. கழித்துப் பார். கழித்துப் பார்க்காமலே தெரிகிறது.

தெரியாத மாதிரிதான் சனிக்கிழமை தான் வேலை பார்க்கிற பிரஸ்ஸில் ரத்தினவேலண்ணனிடம் கேட்டான். ரத்தினவேலண்ணன் கட்டிங் மெஷின் ஆபரேட்டர், பிரஸ்ஸில் பாதிப் பேருக்கு அவர் கொடுத்த கடன் இருக்கிறது, வட்டி விஷயத்தில் அவரைவிடப் படித்தவன் அந்தத் தெருவில் கிடையாது. "எவ்வளவு வட்டிங்குறான்?" என்றார். "நாலுண்ணே." டீ கிளாஸை மெஷின் மேலேயே வைத்துவிட்டார், யாராவது வைத்தால் செருப்பைக் கழற்றுகிறவர். "நாலு வட்டியா! எலேய், நானே மூணுதான் வாங்குறேன், எனக்கே ஈவு இரக்கம் இல்லாதவன்னு பேரு. கவர்மெண்டு நாலு குடுக்குதா?" "போர்டுல போட்டிருக்குண்ணே." "வட்டிக்கு வட்டி உண்டா?" "கூட்டு வட்டிதான்." "அப்ப குட்டி போட்டு, குட்டி குட்டி போட்டு, பேரன் எடுத்திருக்குமேடா. இது தெரியாம இந்த வெட்டிப் பயலுகளுக்குக் குடுத்துட்டு வாரா வாரம் வாசல்ல போய் நிக்கிறனே." கொஞ்ச நேரம் தன் நஷ்டத்தையே நினைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் பென்சில் தொகையைப் பார்த்தார். அப்புறம் இவன் முகத்தைப் பார்த்தார், அந்தப் பார்வைதான் தாங்கலை, கடன் வாங்கியவன் செத்துப்போனால் அவன் பொண்டாட்டியைப் பார்க்கிற பார்வை. "உங்கப்பன்தான கையெழுத்து?" அவ்வளவுதான் கேட்டார். டீ ஆறிப்போயிருந்தது. முனீஸ் இரண்டு ரீம் பேப்பரைத் தூக்கித் தட்டி அடுக்கும்போது ஓரம் சேரவே இல்லை.

அதுக்கு முன்னாலேயே, அன்றைக்குக் காலையில் பாஸ்புக்கைக் கொடுத்த விதமே சரியில்லை. அந்த ஆளு பேப்பர் குடோனில் லோடுமேன், ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிடுகிறவர், சனிக்கிழமை எட்டு மணி வரைக்கும் போகாமல் வாசலில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைப்பதும் அணைப்பதுமாக இருந்தார். அப்புறம் உள்ளே போய் எங்கிருந்தோ ஒரு பொட்டலத்தை எடுத்துவந்தார். பழைய காலண்டர் ஷீட்டில் சுற்றி, பிரவுன் டேப் போட்டு, அந்த டேப்புக்கு மேல் டேப், அடியில் இருந்த டேப் மஞ்சளடித்துப் பொரிந்துபோயிருக்கிறது, மேலே இருப்பது புதுசு. எத்தனை தடவை பிரித்து எத்தனை தடவை ஒட்டினாரோ. "இந்தா, உங்கம்மா சீட்டுப் பணம். பதினெட்டு ஆயிருச்சுல்ல. போயி கணக்க முடிச்சு மொத்தத்தையும் கையில வாங்கிட்டு வந்துரு. ஒத்த ரூவா அதுல இருக்கக் கூடாது. இது கெடக்குற வரைக்கும் எனக்கு நிம்மதியில்ல." முகத்தைப் பார்த்துச் சொல்லலை. நிலைப்படியைப் பார்த்துச் சொன்னார். அப்போது ஒன்றும் தோன்றலை, அம்மா ஞாபகத்தில் பேசுகிறார் என்று விட்டுவிட்டான். மத்தியானம் இங்கே வந்தால் நேரம் முடிந்துபோச்சு, பென்சிலால் இருப்பு மட்டும் எழுதிக் கொடுத்து, ஆதாரும் போட்டோவும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். சாயங்காலம் ரத்தினவேலண்ணன் பார்த்த பார்வைக்குப் பிறகு பாஸ்புக்கை விரித்து உதறினபோது மூன்று ஃபாரம் விழுந்தது. பணம் எடுக்கிற ஃபாரம். மூன்றிலும் அந்த ஆளோட கையெழுத்து, சீனிராஜ், கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க எப்போதும் மறந்துபோகிற கையெழுத்து. ஒன்று ஐநூறு ரூபாய்க்கு, ஏழு வருசத்துக்கு முந்தினது. ஒன்று மூவாயிரம், கொரோனா வருசம். ஒன்று பத்தாயிரம், போன வருசத்துக்கு முந்தின வருசம். பிடிபட்டாச்சு. நிம்மதியில்லையாம். திருடினவனுக்கு நிம்மதி எங்கிருந்து வரும். கணக்கை முடித்தால் பாஸ்புக்கை வாங்கிக்கொள்வார்கள், தடயம் போச்சு, அதுக்குத்தான் முடி முடி என்கிறார். ஐநூறும் மூவாயிரமும் பத்தாயிரமும் சேர்த்தாலும் நாலு லட்சம் ஆகலையே என்று ஒரு நிமிசம் தட்டியது. இந்த மூன்று மட்டும்தானா எடுத்திருப்பார், கிடைத்தது மூன்று, கிடைக்காதது எத்தனையோ.

"கொஞ்சம் நகந்து உக்காருப்பா" என்று யாரோ ஒருவர் சொல்ல நகர்ந்தான், பையையும் காலால் நகர்த்தினான். முன்னால் இன்னும் இரண்டு பேர். கோந்து வாசனை. நூலில் கட்டிப்போட்ட பேனா, பேனாவைக்கூட நம்பாத ஊர். அம்மாவின் வெள்ளிக் கொலுசு போனது, அது அவள் போன வருசமே. மிக்ஸி போனது. இவன் எட்டாவதில் ஓட்டப்பந்தயத்தில் வாங்கின கப்பைக்கூடப் பழைய இரும்புக்காரன் வாசலில் பார்த்தான், எடைக்குப் போட்டால் அது என்ன, பதினஞ்சு ரூபாய் வந்திருக்குமா. கேட்டால் அழுவார். குடித்துவிட்டு அடிக்கிற அப்பன் என்றால் திருப்பி அடிக்கலாம், குடித்துவிட்டு அழுகிற அப்பனை என்ன செய்வது. யய்யா, இதான் கடைசி, உங்கம்மா மேல சத்தியமா இதான் கடைசி. செத்துப்போனவள் மேல் எத்தனை சத்தியம். இப்போது ஒரு ஏழெட்டு மாசமாக வாசனை இல்லை, ராத்திரி ஒழுங்காக வருகிறார், சோறு பொங்குகிறார், அதைக்கூட நம்பிவிடலாம் என்று ஆரம்பித்தபோதுதான் இது. கொலுசு அம்மா போட்டது, மிக்ஸி எல்லாருக்கும் பொது, கப்பு போனால் மயிரே போச்சு. இந்தப் பத்தாயிரம் அப்படியில்லை. இது அவள் வாரம் வாரம் கைவிரல் தோல் உரிய லேபிள் ஒட்டி, அதில் பிடித்து, அவனுக்கென்று வைத்தது. வட்டி தூங்காதுடா முனீஸு, நம்ம தூங்குனாலும் அது முழிச்சிக்கிட்டே இருக்கும் என்பாள், கடன் வாங்குவதைப் பற்றி எச்சரிக்கத்தான் சொன்னாள், ஆனால் போட்டு வைத்தவனுக்கும் அதேதானே, எட்டு வருசமாகத் தனக்காக ஏதோ ஒன்று தூங்காமல் இருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அதை எடுத்துக் குடித்திருந்தால் அது வேறே. அப்புறம் அந்த வீட்டில் படுக்க முடியாது. என்ன சொல்வது அவரிடம்? பாஸ்புக்கைப் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிடலாம். இல்லை, ஒரே ஒரு வார்த்தை. என்ன வார்த்தை? அவரிடமே முதலில் கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் சொல்வார், அந்தப் பொய்யையும் உட்கார்ந்து கேட்கணும், அதுக்கு அச்சு அடித்த காகிதம் மேல். ராத்திரிச் சோற்றை யார் பொங்குவார்கள், அவர் ஒருத்தருக்கு மட்டும் பொங்கிக்கொள்வாரா, இல்லை பொங்காமலே... ச்சீ, அதையெல்லாம் யார் நினைக்கச் சொன்னது.

"அடுத்து யாரு? முனீஸ்குமாரா? வாங்க." கட்டைப்பை அக்கா கவுன்ட்டரை விட்டு நகராமல் ஓரமாக நின்று பாஸ்புக்குகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்ட மேடம் பாஸ்புக்கை வாங்கினாள், உள்ளே இருந்த மூன்று ஃபாரமும் அதோடு போச்சு. "என்ட்ரி போட்டதே இல்லையா? முதல் என்ட்ரி மட்டும்தான் இருக்கு." "இல்ல மேடம். எல்லாத்தையும் அடிச்சுக் குடுங்க. எடுத்தது எல்லாம் தெரியணும்." பாஸ்புக்கைப் பிரின்டருக்குள் செருகினாள். முனீஸ் மெஷின் சத்தத்தில் வளர்ந்தவன், ஷீட் எண்ணாமல் சத்தத்திலேயே எண்ணுவான். பிரின்டர் ஒரு வரி அடித்தால் ஒரு இழுப்பு. அந்த ஆளு எட்டு வருசம் எடுத்திருந்தால் நூறு வரியாவது அடிக்கணும், பக்கம் தீர்ந்து அடுத்த பக்கம் போகணும். கொண்டா பார்ப்போம். கர்ர்ர், ஒன்று. கர்ர்ர், இரண்டு. மூன்று. காது அடைக்கிறது. நாலு, அஞ்சு, ஆறு. ஏழு. எட்டு. நின்றுவிட்டது. ரிப்பனில் ஏதோ கோளாறு என்று நினைத்தான், இன்னும் வரும், சூடாகியிருக்கும், பிரஸ்ஸில்கூட இப்படித்தான் நடுவில் மூச்சு வாங்கும். மேடம் பாஸ்புக்கை உருவி அவன் பக்கம் தள்ளினாள். "அவ்வளவுதான் தம்பி." எட்டு வரி. எட்டிலும் வட்டி, வட்டி, வட்டி. நானூறு. நானூற்றுப் பதினாறு. நானூற்று முப்பத்து மூன்று. நடுவில் எடுத்தது என்று ஒரு கட்டம் இருக்கிறது. மேலிருந்து கீழே வரைக்கும் அந்தக் கட்டம் வெள்ளையாக இருந்தது. விரலை வைத்துத் தடவிப் பார்த்தான், அச்சு லேசாக விழுந்திருந்தாலும் விரலுக்குத் தெரியும். ஒன்றும் இல்லை. "இதென்ன தம்பி, நிரப்புன ஃபாரம் மூணு கெடக்கு? பழைய தேதி." "அதான் மேடம், அதுல எடுத்தது..." "குடுத்திருந்தா எங்ககிட்டல்ல இருக்கும், உங்க பாஸ்புக்குள்ள எப்படி இருக்கும்? இதெல்லாம் குடுக்காதது. கிழிச்சுப் போட்டுறவா?" கையை நீட்டிப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டான்.

குடுக்காதது. இத்தனை சின்ன விஷயம், இரண்டு நாளாகக் கையில் வைத்துக்கொண்டே எப்படித் தோன்றாமல் போச்சு. பணம் கட்டின ரசீது நம்மிடம் இருக்கும், எடுத்த ஃபாரம் அவர்களிடம் இருக்கும், மூன்றாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். அப்படியென்றால் நாலு லட்சம்? அப்பா எடுக்கலை என்றால் இவர்கள்தான். அப்பா என்று வந்ததை அவன் கவனிக்கலை. கோபத்தில் குரல் பெரிசாகிவிட்டது. "அப்ப மிச்சப் பணம் எங்க மேடம்? நாலு லட்சத்துப் பதினெட்டாயிரத்து முப்பத்திரண்டு ரூவா?" பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். "எங்க இருந்து வந்துச்சு அந்தக் கணக்கு?" "பத்தாயிரம் போட்டது, எட்டு வருசம், தொண்ணூத்தாறு மாசம், நாலு வட்டி, கூட்டு வட்டி. நீங்களே தட்டிப் பாருங்க. போர்டுலயே போட்டிருக்கு நாலு வட்டின்னு." மேடம் போர்டைத் திரும்பிப் பார்த்தாள், அப்புறம் இவனை. "நாலு வட்டி இல்ல தம்பி. நாலு சதவீதம். வருசத்துக்கு." கட்டைப்பை அக்காவுக்கு எண்ணிக்கை விட்டுப்போச்சு, பாஸ்புக்குகளைக் கவுன்ட்டரில் போட்டுவிட்டுச் சிரித்தாள். "மாசத்துக்கு நாலு வட்டியா! கவர்மெண்டு அப்படிக் குடுத்தா நான் எதுக்கு தம்பி இந்த வெயில்ல அலையுறேன், வீட்டை வித்துல்ல இங்க போட்டுட்டுப் படுத்துக்குவேன்." பெஞ்சும் சிரித்தது. காது மடல் இரண்டும் கொதித்தது. வருசத்துக்கு. பத்தாம் வகுப்பில் அந்தச் சூத்திரத்தில் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிற குட்டி எழுத்து எதைக் குறிக்கும் என்று வாத்தியார் ஒரு பீரியட் பூராவும் கத்தினார், இவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டிலும் பிரஸ்ஸிலும் தெருவிலும் வட்டி என்றால் மாசம்தான், ரெண்டு வட்டி, மூணு வட்டி, அஞ்சு வட்டி, வருசத்துக்கு யாராவது வட்டி பேசி அவன் கேட்டதே இல்லை. வருசம் பூராவும் காத்திருந்து வட்டி வாங்குகிற ஒருத்தனை ரத்தினவேலண்ணனும் பார்த்ததில்லை.

போனை எடுத்தான். பத்தாயிரம், பெருக்கல், ஒன்று புள்ளி பூஜ்யம் நாலு. சமம், ஒன்று. எட்டுத் தட்டுத்தான், கண்ணை மூடிக்கொண்டு தட்டலாம். பதிமூவாயிரத்து அறுநூற்று எண்பத்தஞ்சு ரூபாய் அறுபத்தொன்பது பைசா. பாஸ்புக்கில் எண்பத்தாறு. முப்பத்தோரு பைசா கூடவே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கவுன்ட்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டான், சனிக்கிழமையிலிருந்து உள்ளே நின்றிருந்த மூச்சு, அது பாட்டுக்கு வெளியே வந்தது, சிரிப்பாக, கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. ஒரு நிமிசத்தில் நாலு லட்சம் போச்சு, அதுக்கு இப்படிச் சிரிக்கிறான், பார்க்கிறவன் பைத்தியம் என்பான். முதல் வருசம் நானூறு, இரண்டாம் வருசம் நானூற்றுப் பதினாறு, அந்தப் பதினாறு எங்கிருந்து வந்தது, நானூறு போட்ட குட்டி. அடுத்த வருசம் பதினேழு கூட. கூட்டு வட்டி என்றால் இவ்வளவுதானா, இத்தனை மெதுவாகவா நடக்கும், எறும்பு மாதிரி. ஆனால் ஒரு வரிகூட விட்டுப்போகலை. கொரோனா வருசத்து வரியில் விரல் நின்றது. நானூற்று முப்பத்து மூன்றுக்கு அப்புறம் நானூற்று ஐம்பது. அந்த வருசம் குடோன் மூடிக் கிடந்தது. ரேஷன் அரிசிக் கஞ்சி, தொட்டுக்கொள்ள உப்பு, ஒரு நாள் பக்கத்து வீட்டில் கொடுத்த ஊறுகாய். அப்பா சைக்கிளை விற்றார், விற்றுவிட்டு நடந்துதான் வேலைக்குப் போகிறார் இன்னமும். அந்த வருசத்துத் தேதி போட்டு மூவாயிரத்துக்கு ஃபாரம் எழுதியிருக்கிறார், கையெழுத்துப் போட்டிருக்கிறார், இந்தத் தெரு வரைக்கும் வந்திருப்பாரோ என்னவோ, இந்தப் பெஞ்சில்கூட உட்கார்ந்திருப்பார். வந்த வழியே திரும்பிப் போய்க் காலண்டர் ஷீட்டில் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறார். கொலுசை விட்டு வைக்காதவர். பதினஞ்சு ரூபாய்க் கப்பை விட்டு வைக்காதவர். எட்டு வருசமாக, குடிக்கிற ஆளு, வீட்டுக்குள்ளேயே பத்தாயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு, தன் கையெழுத்துப் போதும் என்று தெரிந்துகொண்டே. இது கெடக்குற வரைக்கும் எனக்கு நிம்மதியில்ல. அடப்பாவி அப்பா. வட்டி மட்டுமா தூங்காமல் கிடந்திருக்கிறது.

"தம்பி, சிரிச்சது போதும், பின்னால ஆள் நிக்குது. க்ளோஸ் பண்றதா, மேஜர் ஆனதுக்கு மாத்துறதா?" என்றாள் மேடம். முடிக்கத்தான் சொல்லி அனுப்பினார். "க்ளோஸ் பண்ணா இந்தப் புக்கு?" "நாங்க வாங்கிக்குவோம்." முனீஸ் பாஸ்புக்கை மறுபடி பார்த்தான், வெள்ளையாகக் கிடக்கிற அந்தக் கட்டத்தை. "மாத்துனா?" "உங்ககிட்டயே இருக்கும். இனிமே உங்க கையெழுத்து மட்டும்தான், அப்பா கையெழுத்து செல்லாது." "செல்லவே செல்லாதா?" "செல்லவே செல்லாது." "மாத்துங்க." போட்டோ, ஆதார், கட்டிப்போட்ட பேனாவை இழுத்துப் பிடித்து நாலு இடத்தில் கையெழுத்து, முதல் கையெழுத்து ஒரு மாதிரியும் நாலாவது ஒரு மாதிரியும் வந்தது, மேடம் முறைத்தாள், ஒரே மாதிரி போட்டுப் பழகு என்றாள். அப்புறம் என்ன நினைத்தானோ, பஸ்ஸுக்கு வைத்திருந்த காசில் ஒரு பத்து ரூபாய் நோட்டும் இரண்டு இரண்டு ரூபாய் நாணயமும் எடுத்து வைத்தான். "பதினாலு ரூவாயா? எதுக்கு?" "எழுநூறாகட்டும் மேடம். எண்பத்தாறு நல்லாயில்ல." பிரின்டர் இன்னொரு தரம் கர்ர் என்றது. பதிமூவாயிரத்து எழுநூறு. அடுத்த மார்ச் கடைசியில் ஐநூற்று நாற்பத்தெட்டு வரும், போனை எடுக்காமலே தெரிந்தது.

வாசல்படியில் நின்று போன் போட்டான். குடோன் சத்தம், பண்டல் தொம்மென்று விழுகிற சத்தம், அப்புறம் அப்பா. "முடிச்சிட்டியா?" "நீ சாப்பிட்டியா?" "கேட்டதுக்குப் பதில் சொல்லுடா. முடிச்சிட்டியா?" "யப்பா, இனிமே உன் கையெழுத்து இங்க செல்லாதாம்." அந்தப் பக்கம் பண்டல் இரண்டு விழுந்தது. "நெசமாவா?" "நெசமா. நீ இன்னும் எத்தனை ஃபாரம் எழுதுனாலும் செல்லாது." சொன்ன பிறகுதான் வாயைக் கடித்துக்கொண்டான். "அதப் பாத்துட்டியா?" என்றார், குரல் எங்கேயோ அடியில் இருந்தது. "அன்னிக்கே கிழிச்சுப் போட்ருக்கணும். அத எடுத்துப் பாக்குறப்பல்லாம்..." "இருக்கட்டும்ப்பா. எங்கிட்டயே இருக்கட்டும்." மறுபடியும் ஒரு பண்டல். "செல்லாதுல்ல?" என்று இன்னொரு தரம் கேட்டார், தலைச்சுமையை இறக்கி வைத்தவர் கேட்கிற மாதிரி. "செல்லாதுப்பா." "நல்லதாப் போச்சுய்யா. நல்லதாப் போச்சு. ராத்திரிக்குக் கருவாடு வாங்கட்டா?" வாங்கு என்றான். பையைத் தோளில் மாட்டினான், இந்தப் பையை எப்படி அவருக்குத் தெரியாமல் திரும்ப உள்ளே வைப்பது என்று ஒரு கவலை வந்தது, வெயில் மண்டையைப் பிளந்தது, ரத்தினவேலண்ணனிடம் வருசத்துக்கு என்று சொன்னால் மூஞ்சி எப்படிப் போகும் என்று நினைத்தபோது சிரிப்பு திரும்ப வந்தது. மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். ஒத்த ரூபாய் அதில் இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். முனீஸ் பதினாலு ரூபாய் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தான்.